ஒரு மலைக்கு ஒரு சிலந்தி

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன கார்த்திகையில் ஒரு நாள், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். கூரத்தில் ஏரிப் பாய்ச்சலில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருக்கிறான். பயிரில் புகையான் தெரிகிறது என்று பயந்து போனில் தேடியிருக்கிறான். ஆங்கிலத்தில் இருந்த குறிப்பைப் போனே தமிழாக்கிக் கொடுத்துவிட்டது. அந்தத் தமிழைத்தான் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். அதன் சாரம் இது: ஒரு உழவருக்கு ஒரு தத்துப்பூச்சி இருந்தால் மருந்து தெளிக்க வேண்டும். ஆனால் ஒரு மலைக்கு ஒரு சிலந்தி இருந்தால், ஒரு உழவருக்கு இரண்டு தத்துப்பூச்சி வரை பொறுக்கலாம்.

கீழே குரல் பதிவு. "டீச்சர், உழவர்னா நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். எனக்கு ஒரு பூச்சின்னு கணக்கா? நம்ம ஊர்ல மலை எங்க டீச்சர் இருக்குது?"

நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, அவன் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை என்று. மருந்துக் கடையில் இன்றைக்கே அடித்துவிடு என்று சொல்லி இரண்டு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்களாம். அடிப்பதா வேண்டாமா என்பதுதான் அவன் கேள்வி. அதற்குப் பதில் இரண்டு தமிழ்ச் சொற்களுக்குள் இருக்கிறது. இரண்டும் அவன் அம்மா வாயில் தினமும் வந்த சொற்கள். குத்து, தூர்.

நெல் சாகுபடி ஆங்கிலத்தில் 'ஹில்' என்றால் மலை இல்லை, குத்து. நடவாள் ஒரு தடவை கையை ஊன்றி எடுத்தால் அந்த இடத்தில் நிற்கிறதே நாற்று, ஒன்றோ இரண்டோ மூன்றோ, அது சேர்ந்து ஒரு குத்து. 'டில்லர்' என்றால் உழவர் இல்லை, தூர். நட்ட நாற்றின் அடிக்கணுவிலிருந்து பக்கத்தில் வெடித்துக் கிளம்புகிற தண்டு ஒவ்வொன்றும் ஒரு தூர். நடும்போது இரண்டு நாற்றாக இருந்த குத்து, முப்பது நாளில் பதினைந்து இருபது தூராகப் பெருகி நிற்கும். அதைத்தான் பயிர் தூர் கட்டுகிறது, தூர் வெடிக்கிறது என்கிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் கணக்கு என்றதும் வயிற்றைக் கலக்கும், தெரியும். சின்னக் கணக்குதான். தூருக்கு ஒரு பூச்சி என்பது புகையானுக்கு எல்லை. குத்துக்கு இருபது தூர் இருந்தால், ஒரு குத்தில் இருபது பூச்சி வரும்வரை மருந்துக்கு வேலையில்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி, அதாவது குத்துக்கு நாற்பது வரை பொறுக்கலாம். சிலந்தி புகையானைப் பிடித்துத் தின்றுவிடும். இதையே தூரையும் குத்தையும் ஒன்றென்று நினைத்துப் படித்தால், குத்துக்கு ஒரு பூச்சி பார்த்தவுடனே தெளிப்பானைத் தூக்க வேண்டியதுதான். இருபது மடங்கு அவசரம். அவசரப்பட்டுத் தெளித்தால் சிலந்தியும் சேர்ந்து சாகும். சில மருந்துகள், முக்கியமாகப் பைரித்ராய்டு வகை, தெளித்த பிறகு புகையானை அடங்கவிடாமல் திரும்பப் பெருக வைக்கும் என்பது வேளாண்மைத் துறையே எச்சரிக்கிற விஷயம்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், வேளாண்மை படித்தவள் இல்லை. அதனால் நானாக வைத்தியம் சொல்லவில்லை. என்னிடம் படித்து இப்போது உதவி வேளாண் அலுவலராக இருக்கிற பெண்ணை இரவு எட்டரைக்குப் போனில் பிடித்தேன். அவள் சொன்னது: "டீச்சர், மேலாகப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. புகையான் தூர்லதான் உக்காந்திருக்கும், தண்ணிக்குக் கொஞ்சம் மேல. நாலு இடத்துல குத்தை விலக்கி, அடியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க." மறுநாள் காலையில் அவன் போய் எண்ணினான். குத்துக்கு ஆறு, ஏழு, ஒன்பது, அதிகம் போனால் பதினொன்று. சிலந்தி ஏறக்குறைய எல்லாக் குத்திலும் இருந்தது. மழை விட்டிருந்த நாலு நாளில் தண்ணீரை வடித்துக் காயவிட்டான். உப்பாக யூரியா வீச வைத்திருந்ததைத் தள்ளிப்போட்டான். இரண்டு நாளுக்கு ஒரு தடவை குத்தை விலக்கி எண்ணிக்கொண்டே இருந்தான். வரப்போரம் நெருக்கமாக நட்ட ஒரு மூலையில் மட்டும் இரண்டு பாய் விரிக்கிற அளவு வட்டமாகப் புகைந்து காய்ந்துபோனது. மற்றது தப்பியது. டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்தானா என்று கேட்டேன். "திருப்பி எங்க டீச்சர் வாங்குவாங்க?" என்றான். அது இன்னும் அவன் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது.

அன்றையிலிருந்து இந்தச் சொற்கள் என் தலையை விட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் அம்மா நடவுக்குப் போனவள். நான் பள்ளிக்கூட விடுமுறையில் கூடப் போவேன். அம்மா எனக்குச் சொன்ன முதல் பாடம், "குத்துக்குக் குத்து ஒரு சாண் விடு." இரண்டாவது பாடம், "மேலாக் குத்து, ஆழத்துல குத்தாதே." அதாவது, நாற்றைச் சேற்றில் ஆழமாகச் சொருகினால் அடிக்கணு புதைந்துபோய்த் தூர் வெடிப்பது தடைப்படும். இதைப் பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது எனக்கு அம்மாவின் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது. கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து நாற்றைப் பிடிக்கும். சேற்றில் ஒரு குத்து. கை வெளியே வரும். நாற்று நிமிர்ந்து நிற்கும். செய்கிற வேலைக்கும் குத்து என்று பெயர், செய்ததற்கும் குத்து என்று பெயர்.

இந்தக் 'குத்து' என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். சினிமாவில் வில்லன் வாங்குகிற குத்து இருக்கட்டும். குத்துவிளக்கு என்றால் நிற்கிற விளக்கு. குத்துக்கல் என்றால் நட்டு நிறுத்திய கல். செங்குத்து என்றால் நேர் மேலாக. குத்துக்காலிட்டு உட்காருவது என்றால் முழங்காலை நிமிர்த்தி உட்காருவது. எல்லாவற்றிலும் ஊன்றுவதும் நிமிர்வதும் இருக்கிறது. நெல் குத்தும் அந்தக் குடும்பம்தான் என்பது என் எண்ணம். கை ஊன்றியதால் நிமிர்ந்து நிற்பது குத்து. அதனால்தானோ என்னவோ எங்கள் பக்கத்தில் எண்ண வேண்டியதாக இருந்தால் குத்து என்போம். "எத்தனை குத்து விட்டுப்போச்சு?" "அந்த ரெண்டு குத்தையும் பிடுங்கிப் போடு." புல்லாக இருந்தாலும் அப்படித்தான். நெல்லுக்கு நடுவில் முளைத்த களைப்புல்லை அம்மா 'ரெண்டு குத்துப் பில்லு' என்பாள். (பில்லு என்றால் புல்தான். வட மாவட்டத்தில் யார் புல் என்கிறார்கள்? நான்கூட வகுப்பறையில் புல், வாசலில் பில்லு.)

தூர் வேறு. தூர் என்றால் அடி. மரத்தின் தூர், பனையின் தூர். பானையின் அடியையும் தூர் என்பார்கள். கிணற்றின் அடியில் சேர்வது தூர், அதை அள்ளினால் தூர் வாருவது. நெல்லிலும் அடியிலிருந்து பிரிந்து கிளம்புவதால் அது தூர். புல் இனத்துக்கே இது ஒரு வரம். மற்றச் செடிக்கெல்லாம் வளர்கிற குருத்து உச்சியில் இருக்கும், கிள்ளிவிட்டால் அந்தக் கிளை நின்றுபோகும். புல்லுக்கு வளர்கிற இடம் மண்ணை ஒட்டி அடியில் இருக்கிறது. மாடு மேலே மேய்ந்தாலும் அடியிலிருந்து மறுபடி வரும். கரும்பை வெட்டிய பிறகு கட்டையிலிருந்து மறுதாம்பு வருவதும் இதனால்தான். கரும்பும் புல் இனம்தானே. மறுதாம்பு என்ற சொல் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு கை உயர்ந்தது. இரண்டும் கரும்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள்.

மூன்றாவது சொல் தூறு. இது வல்லின று. நம் பக்கத்துப் பேச்சில் ர-வும் ற-வும் ஒன்றாகக் கேட்பதால் பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். எத்தனை நோட்டில் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்! தூர் என்றால் அடி. தூறு என்றால் அடர்ந்து கிடக்கிற புதர். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகப் போட்ட தமிழ் லெக்சிகனைப் பார்த்தாலும் தூறு என்பதற்குப் புதர் என்ற பொருள் இருக்கும். அதே எழுத்தில் பழிச்சொல் என்ற பொருளும் உண்டு, ஒருவரைத் தூற்றுவது அங்கிருந்து. வானம் தூறுவதும் இதே எழுத்துதான். ஆனால் மூன்றுக்கும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. சொல் ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முகநூலில் சிலர் போடுகிற முடிச்சுகளைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

குத்துக்கும் தூறுக்கும் என்ன வித்தியாசம்? என் அம்மாவின் விளக்கத்தைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. "குத்துல கை வைக்கலாம், தூறுல கை விடக் கூடாது." குத்து என்பது கை நட்டது, கைக்கு அடங்குவது, இரண்டு கையால் விலக்கினால் அடி தெரிவது. தூறு தானாக முளைத்தது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதது. ஏரிக்கரையில், மதகு ஓரத்தில், சுடுகாட்டுப் பாதையில் இருந்ததெல்லாம் தூறு. கண்ணாடிவிரியன் அங்கேதான் படுத்திருக்கும். ஆட்டுக்குத் தழை பறிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லே எச்சரிக்கை. "அங்க போகாத" என்று சொல்ல வேண்டாம். "அங்க தூறு" என்றால் போதும்.

இன்னும் பெரிதானால் புதர், எங்கள் வாயில் பொதர். ஆள் மறைகிற உயரம் இருந்தால்தான் அது புதர் என்று நான் வைத்திருக்கிறேன். அகராதி இவ்வளவு கறாராகப் பிரிக்காது, ஒன்றுக்கு ஒன்றைப் பொருளாகக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அகராதிக்குப் பாம்புப் பயம் இல்லை.

டொராண்டோவில் இருக்கிற என் மாணவி ஒருத்தி ஒரு வேடிக்கை சொன்னாள். அவள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். வீட்டுப் பின்னால் புல் வெட்டாமல் கிடந்ததைப் பார்த்து, "என்ன பிள்ளை, பின்வளவு முழுக்கப் பத்தையாக் கிடக்கு?" என்றாராம். இவளுக்குத் தேங்காய்ப் பத்தைதான் தெரியும். பின்வாசலில் யார் தேங்காய் கொட்டினார்கள் என்று ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். இலங்கைத் தமிழில் பற்றை என்றால் புதர். பேச்சில் பத்தை. ஆள் புழங்காத இடத்தைப் பற்றைக்காடு என்பார்கள். நம் தூறு அங்கே பற்றை. நாம் தேங்காய்க்கு வைத்துக்கொண்டோம், அவர்கள் புல்லுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இதில் எல்லாப் புல்லும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறுகைப் பாருங்கள். (அருகம்புல் என்று இடையின ரு போட்டு எல்லாரும் எழுதுகிறார்கள். அறுகு, வல்லின று. ஓய்வு பெற்றாலும் சிவப்பு மை காயவில்லை.) அறுகுக்குக் குத்தும் கிடையாது, தூறும் கிடையாது. அது தரையோடு தண்டை ஓடவிட்டு, கணுவுக்குக் கணு வேர் பிடித்து, விரிப்பாகப் படரும். யாரும் அறுகுத் தூறு என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் அவர் அறுகைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நாணல், விழல், வெட்டிவேர், எலுமிச்சம்புல் இவையெல்லாம் இருந்த இடத்திலேயே அடியைப் பெருக்கிக்கொண்டு நிற்பவை. மூங்கிலும் அப்படித்தான். மூங்கில் புல் இனம் என்று சொன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். "அவ்ளோ பெரிய பில்லை எந்த மாடு டீச்சர் திங்கும்?" என்று ஒருத்தன் கேட்டான். யானை தின்னும்டா என்றேன்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் பெரியவர்கள் அட்சதை போடும்போது சொல்கிற வாழ்த்தில் ஆல், அறுகு, மூங்கில் மூன்றும் வரும். ஆலைப்போலத் தழைக்க வேண்டும், அறுகைப்போல வேர் பிடிக்க வேண்டும், மூங்கிலைப்போலச் சுற்றம் சூழ இருக்க வேண்டும் என்பது கருத்து. மூன்றில் இரண்டு புல். அதுவும் ஒன்று ஓடிப் படர்கிற புல், ஒன்று ஓர் அடியில் கூடி நிற்கிற புல். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஓடிப் படர்ந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு அறுகு வாழ்த்துப் பலித்துவிட்டது. மூங்கிலுக்குத்தான் வாட்ஸ்அப் குழு.

பாடப்புத்தகம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டப்பெயர்ப் பாடம் உங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆட்டு மந்தை, கற்குவியல், பழக்குலை, தென்னந்தோப்பு, வேலங்காடு. புல்லுக்கு என்ன? புற்கட்டு. எத்தனை வருடம் அதைச் சொல்லிக்கொடுத்தேன்! தப்பில்லை, புற்கட்டு நல்ல சொல். ஆனால் கட்டு என்பது அறுத்துக் கட்டிய புல். மாடு கட்டியிருக்கிற வீட்டுக்கு வந்த புல். மண்ணில் உயிரோடு நிற்கிற புல்லுக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. ஒரு வருடம் ஒரு பெண் பிள்ளை 'புல் — குத்து' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் அது இல்லை. நான் சரி போட்டேன், பக்கத்தில் புற்கட்டு என்றும் எழுதிவிட்டேன், இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும் என்று. அதே பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் வேறு யாரோ கேட்டு, குத்து என்றாளாம். "சண்டையா போடப்போற?" என்று வகுப்பே சிரித்திருக்கிறது. பிறகு அவள் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் சொல்வதை விட்டுவிட்டாள். அவள் வீட்டில் எல்லாரும் நடவாட்கள். அவளிடம் அவள் அம்மாவின் சொல் இருந்தது. அதை வெளியில் சொல்லக் கூடாது போலிருக்கிறது என்று பதினொரு வயதில் அவள் கற்றுக்கொண்டாள். இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஏன் ஆறவில்லை என்றால், நம் ஊருக்கே அந்த வழக்கம் கிடையாது. கூரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கூரத்தாழ்வான் அவதரித்த ஊர். தை அஸ்தத்துக்கு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் அவரைச் சேவித்துவிட்டுப் போவார்கள். வரலாறு படித்தவர்களுக்குக் கூரம் என்றால் செப்பேடு. பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் ஊரில் கற்கோயில் எழுப்பி, அதற்கும் அங்கே பாரதம் வாசிப்பதற்கும் நிலம் விட்ட சாசனம் அது. வடமொழியும் தமிழும் கலந்தது. மன்னர் பரம்பரையின் பெருமையை வடமொழியில் எழுதியவர்கள், ஏரி, கால்வாய், நிலம் என்று வந்ததும் தமிழுக்கு வந்துவிடுகிறார்கள். பாலாற்றிலிருந்து நம் ஏரிக்கு வெட்டிய பெரும்பிடுகு என்ற கால்வாய் அதில் பேர் சொல்லி வருகிறது. பழைய தானச் சாசனங்களில் நிலத்தை எழுதும்போது, உடும்பு ஓடுகிற மேட்டையும் ஆமை தவழ்கிற பள்ளத்தையும்கூட விடாமல் சொல்வார்கள். எல்லையில் எந்த மரம், எந்த வாய்க்கால், எது களர் என்று அந்தந்த ஊர்க்காரர் சொல்லே செப்பேட்டில் ஏறியது. அரசனே ஆனாலும் உழுகிறவன் சொல்லை வைத்துத்தான் நிலத்தை எழுத முடியும். 1300 வருடத்துக்கு முன்னால் செப்பேட்டில் ஏறின ஊர்ப்பேச்சு, வகுப்பறையில் ஏறக் கூடாதா?

சொல்லெல்லாம் அழிகிறது என்று மூக்கைச் சிந்த நான் வரவில்லை. அப்படி எழுதுவது சுலபம், அது முழு உண்மையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்து நிலத்தில் நடவு இயந்திரம் இறங்கியது. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், அதை மாற்ற முடியாது. ஆனால் வரிசைக்குள் நாற்றுக்கு நாற்று எவ்வளவு என்பதை மாற்றிக்கொள்ளலாம். ஓட்டின பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், காதில் கடுக்கன். நிலக்காரரைப் பார்த்து அவன் கேட்டான், "அண்ணா, குத்துக்குக் குத்து எவ்ளோ வைக்கட்டும்?" எனக்கு அங்கேயே அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒற்றை நாற்று நடவு வந்தபோதும் அப்படித்தான். மடகாஸ்கர் தீவில் 1980களில் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உருவாக்கிய முறை அது. நம் அரசு அதைத் 'திருந்திய நெல் சாகுபடி' என்று பேர் வைத்துப் பரப்பியது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒரே நாற்று, பக்கத்துக்குப் பக்கம் 25 சென்டிமீட்டர், சதுர மீட்டருக்கு 16 குத்து. எங்கிருந்தோ வந்த முறைக்கும் நம் சொல்தான் உதவியது. என் சித்தி அந்த நடவைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மொட்டைத் தலையில பேன் மாதிரி ஒண்ணொண்ணா நிக்குது" என்று சிரித்தாள். நாற்பது நாள் கழித்து அதே நிலத்தில் ஒரு குத்தைப் பிடித்துத் தூரை எண்ணி, முப்பத்தெட்டு வந்ததும் பேசாமல் வந்துவிட்டாள்.

ஆக, வேலை இருக்கிற இடத்தில் சொல் இருக்கிறது. என் கவலை தூறைப் பற்றித்தான். குத்துக்கும் தூருக்கும் நிலம் இருக்கிறவரை ஆள் உண்டு. தூறுக்கு ஆள் இல்லை. ஏரிக்கரையை இப்போது சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாலாற்றுக்குப் போனால் நாணல் தூறு தூறாக நிற்கும். ஐப்பசியில் பூத்து வெள்ளையாக ஆடும். இப்போது அந்த இடத்தில் நின்றால் மணல் போன பள்ளமும் முள்ளும்தான். அந்த முள்ளை யாரும் தூறு என்று சொல்வதில்லை, முள்ளுக்காடு என்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தூறு என்றால் மழைத் தூறல்தான். பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அதனால் உங்களுக்கு வீட்டுப்பாடம். ரொம்ப நாளாயிற்று கொடுத்து. உங்கள் அம்மாவோ மாமியாரோ பாட்டியோ இருந்தால், புல் ஓர் இடத்தில் அடர்ந்து நிற்பதை என்ன சொல்வார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். எந்த ஊர் என்பதையும் எழுதுங்கள். சில ஊர்களில் தூரைச் சிம்பு என்கிறார்கள். உங்கள் வீட்டில் வேறு ஏதாவது இருக்கும். இணையத்தில் தேடி எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. அது சொன்ன மலையை மேலே பார்த்தீர்கள்.

இதை எழுதுவதாகச் சொன்னதும் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிற என் தங்கை மகள் முதல் ஆளாகக் கேட்டுவிட்டாள். பால்கனித் தொட்டியில் எலுமிச்சம்புல் வைத்திருக்கிறாள், டீ போட. "பெரியம்மா, இது குத்தா, தூறா?" படம் அனுப்பினாள். தொட்டி நிறைந்து, நடுவில் காய்ந்து, ஓரத்தில் வழிந்துகொண்டு நிற்கிறது. நீ நட்டதால் குத்து என்று ஆரம்பித்தது, உன் சோம்பேறித்தனத்தால் தூறாகிவிட்டது என்று எழுதினேன். முகத்தைச் சுளிக்கிற பொம்மை ஒன்று வந்தது. இப்படியே விட்டால் நடுவிலிருந்து மக்கும். தொட்டியைக் கவிழ்த்து, அடியைக் கையால் பிரித்து, வேரோடு இரண்டு மூன்று தூராக எடுத்து வேறு வேறு தொட்டியில் மேலாக வை, ஆழமாக வைக்காதே. மேல் இலையைச் சாண் உயரத்துக்கு நறுக்கிவிடு. பொங்கலுக்கு வரும்போது எனக்கும் ஒரு தூர் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வா. கிணற்றடியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.